பெருக்கல் குறியை அழுத்தினால் யார் பதில் சொல்வது? கொலுசுக் கணக்கு மென்பொருளுக்கு மூன்று வழிகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு எடைக் கணக்கு ப்ரோக்ராம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் வேலைக்காரர்களுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள். சாயங்காலம் அது கொலுசாகவோ அரைகுறை வேலையாகவோ திரும்பி வரும், மறுபடி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பார்ப்பதுதான் கணக்கு. பைத்தான் மொழியில், விண்டோ, பட்டன் எல்லாம் வரைந்து தரும் டிகின்டர் என்ற கருவியை வைத்து எழுதியது. ஒரே விண்டோ, அதில் ஒரு அட்டவணை, கீழே 'சேமி' என்று ஒரு பட்டன்.

ஒரு நாள் சாயங்காலம், கணக்கு எழுதும் பெண் 31 எடைகளை ஏற்றிவிட்டு, விண்டோவைச் சுருக்கப் போனவர் கை தவறிப் பக்கத்திலிருந்த, விண்டோவை மூடும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டார். அவ்வளவுதான், சேமிக்காத எடை எல்லாம் போய்விட்டது. கொலுசுகளை எல்லாம் மூட்டையிலிருந்து எடுத்து, திரும்பத் தராசில் வைத்து, ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். மறுநாள் முதலாளி போன் செய்தார். "தம்பி, வீட்டை விட்டுக் கிளம்பறவங்களைக்கூட சாப்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கறோம். உங்க ப்ரோக்ராம் போறப்ப ஒண்ணுமே கேக்கலையே?" திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

தவறு என்னுடையதுதான். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் டிகின்டர் விண்டோவை அப்படியே அழித்துவிடும், அதுதான் அதன் வழக்கம். 'ப்ரோட்டோகால்' என்ற மெத்தடுக்கு 'டபிள்யூஎம் டிலீட் விண்டோ' என்ற பெயரையும் நம் ஃபங்ஷனையும் கொடுத்தால், பெருக்கல் குறியை அழுத்தும்போது அந்த ஃபங்ஷன் ஓடும். அழிப்பதா வேண்டாமா என்பது அப்புறம் நம் கையில். ஒரே வரி. அன்றைக்கே போட்டுக் கொடுத்தேன். (இதற்குப் பதில் 'டெஸ்ட்ராய்' ஈவென்ட்டை, அதாவது விண்டோ அழிகிறது என்ற அறிவிப்பை, மெயின் விண்டோவில் பைண்ட் செய்கிறவர்கள் உண்டு. அது வரும்போது விண்டோ ஏற்கனவே போய்க்கொண்டிருக்கும், தடுக்க முடியாது. போதாக்குறைக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு லேபிளுக்கும் பட்டனுக்கும் தனித்தனியாக அது ஓடும். அந்தப் பக்கம் போக வேண்டாம்.)

சரி, ஒரு வரியில் முடிந்த கதைக்கு ஒப்பீடு எதற்கு? ப்ரோக்ராம் வளர்ந்துவிட்டது. இப்போது ஏழு விண்டோ: வெள்ளி கொடுப்பு, வரவு, கூலி, டச் (வெள்ளியின் தூய்மை) கணக்கு, பில், ரிப்போர்ட், அமைப்பு. டிகின்டரிலிருந்து க்யூட் என்ற பெரிய கருவித் தொகுப்புக்கு மாற்றினேன், அதைப் பைத்தானிலிருந்து பயன்படுத்த உதவும் பைசைடு 6 வழியாக. மூடுவது மட்டுமில்லை, விண்டோ முன்னுக்கு வருவது, பின்னுக்குப் போவது, சுருங்குவது, இடம் மாறுவது எல்லாவற்றுக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை கோடில் எங்கே எழுதுவது என்பதற்கு க்யூட்டில் மூன்று இடம் இருக்கிறது. எழுத ஆரம்பிப்பதற்கு முன் முடிவெடுத்துவிட்டால் நல்லது. எழுதின பிறகு மாற்றுவது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முன் ஒன்று. பெருக்கல் குறி விண்டோவை மூடுவதில்லை. விண்டோஸில் அதை அழுத்தினால் 'டபிள்யூஎம் குளோஸ்' என்ற செய்தி ப்ரோக்ராமுக்கு வரும், ஆல்ட்டையும் எஃப் 4-ஐயும் சேர்த்து அடித்தாலும் அதே செய்திதான். அதை நாம் கவனிக்காமல் விட்டால்தான் விண்டோஸ் தன் வழக்கப்படி விண்டோவை அழிக்கும். லினக்ஸில் பழைய எக்ஸ் 11 முறையிலும் இதே ஏற்பாடு: "என்னைக் கேட்டுவிட்டு மூடு" என்று ப்ரோக்ராம் முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் கேட்கும், இல்லாவிட்டால் இணைப்பையே வெட்டிவிடும். ஆக அது கட்டளை இல்லை, விண்ணப்பம். மூன்று வழிகளையும் நான் எடை போடுவது இதை வைத்துத்தான்: விண்ணப்பத்தை நிராகரிக்க வசதி இருக்கிறதா?

முதல் வழி, விண்டோவின் கிளாஸிலேயே, அதாவது அந்த விண்டோவுக்கான கோடு இருக்கும் தொகுதியிலேயே, எழுதுவது. க்யூட்டில் ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் (விண்டோ, பட்டன் போன்ற திரை உறுப்பு) 'குளோஸ்ஈவென்ட்' என்று ஒரு மெத்தட் உண்டு. நம் கிளாஸில் அதே பெயரில் ஒன்று எழுதினால் க்யூட் நம்முடையதை அழைக்கும். கையில் ஒரு ஈவென்ட்டைக் கொடுக்கும். 'அக்செப்ட்' என்றால் மூடும், 'இக்னோர்' என்றால் மூடாது. நிராகரிக்கும் வசதி இதைவிடத் தெளிவாக எங்கும் இல்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும், வரவு விண்டோ மூடும்போது என்ன நடக்கும் என்பது வரவு விண்டோவின் கோடிலேயே இருக்கும், தேட வேண்டியதில்லை.

ஆனால் இதில் மூன்று பள்ளங்கள், மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

பெயரில் ஒரு பெரிய எழுத்து சின்ன எழுத்தாகிவிட்டால் பைத்தான் வாயே திறக்காது. அது வேறு ஏதோ மெத்தட் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும், விண்டோ எப்போதும் போல மூடும். சி பிளஸ் பிளஸ்ஸில் 'ஓவர்ரைடு' என்று எழுதினால் கம்பைலர் பிடித்துக் கொடுக்கும், ஜாவாவிலும் அதற்கு ஒரு குறிப்பு உண்டு. பைத்தானில் நாமே ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட வேண்டியதுதான்.

இரண்டாவது கொஞ்சம் விஷமம் பிடித்தது. க்யூட் அனுப்பும் மூடும் ஈவென்ட், பிறக்கும்போதே 'அக்செப்ட்' நிலையில்தான் பிறக்கிறது. நம் மெத்தடுக்குள் நடுவழியில் ஒரு பிழை வந்தால் பைசைடு அதை கன்சோலில் (எழுத்து மட்டும் வரும் விண்டோவில்) அச்சடித்துவிட்டு மேலே போய்விடும். பட்டறைக் கம்ப்யூட்டரில் கன்சோல் ஏது? ஈவென்ட் 'அக்செப்ட்' நிலையிலேயே இருக்கிறது, ஆகவே விண்டோ மூடிவிடும், சேமிக்காமல். (பைசைடு போலவே க்யூட்டைப் பைத்தானுக்குத் தரும் பைக்யூட்டில் 5.5-லிருந்து ப்ரோக்ராமே அடியோடு நின்றுவிடும். அது இன்னொரு விதமான கொடுமை.) அதனால் என் மெத்தடின் முதல் வரி இப்போதெல்லாம் 'ஈவென்ட் இக்னோர்'. பிறகு சேமிக்கும் வேலை. எல்லாம் சரியாக முடிந்தால் கடைசி வரியில் 'அக்செப்ட்'. நடுவில் எது உடைந்தாலும் விண்டோ திறந்தே இருக்கும். கணக்குப் பெண் போன் செய்து "அண்ணா, மூட மாட்டேங்குது" என்பார். 31 எடைகள் போய்விட்டன என்ற போனைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

மூன்றாவது, டயலாக்குகள், அதாவது மெயின் விண்டோவுக்கு மேலே எழும் சின்ன விண்டோக்கள். கூலி விண்டோவை டயலாக்காக வைத்திருந்தேன். பெருக்கல் குறியை அழுத்திச் சோதித்தேன், கேள்வி கேட்டது, சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அங்கே யாரும் மவுஸைத் தொடுவதே இல்லை, எஸ்கேப்தான் அடிப்பார்கள். டயலாக்கில் எஸ்கேப் அடித்தால் நாம் எழுதிய குளோஸ்ஈவென்ட் ஓடாது, 'ரிஜெக்ட்' என்ற வேறு மெத்தட் வழியாகப் போய்விடும். டயலாக் என்றால் கேள்வியை ரிஜெக்டில் வைக்க வேண்டும். பெருக்கல் குறியும் சுற்றிக்கொண்டு அங்கேதான் வந்து சேரும்.

ஏழு விண்டோவிலும் இதையே திரும்பத் திரும்ப எழுதுவதா என்று கேட்டால், வேண்டாம். பொதுவாக ஒரு தாய்க் கிளாஸ் வைத்து, 'சேமிக்காதது இருக்கிறதா' என்ற ஒரு கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு விண்டோவும் தன் பதிலைச் சொன்னால் போதும்.

இரண்டாவது வழி, ஈவென்ட் ஃபில்டர். விண்டோவுக்கு வெளியே ஒரு ஆளை உட்கார வைத்து, உள்ளே போகும் ஒவ்வொரு ஈவென்ட்டையும் அவர் முதலில் பார்க்கட்டும் என்று சொல்வது. 'ட்ரூ' என்று திருப்பினால் ஈவென்ட் அங்கேயே நின்றுவிடும், 'ஃபால்ஸ்' என்றால் உள்ளே போகும். ஏழு விண்டோவுக்கும் ஒரே ஆள் போதும், விண்டோவின் கோடைத் தொடவே வேண்டாம். வேறு யாரோ எழுதிய விட்ஜெட்டைக்கூடக் கண்காணிக்கலாம்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது தராசால். அந்தப் பட்டறையில் முன்பிருந்த மின்னணுத் தராசு, எடையைக் கீபோர்டு அடிப்பது போல அனுப்பும். பட்டனை அழுத்தினால், கர்சர் எங்கே இருக்கிறதோ அங்கே எண் போய் விழும். ஒரு நாள் கணக்குப் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு வியாபாரிக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தராசில் கொலுசை வைத்து பட்டனை அழுத்த, 187.450 என்று அவருக்குப் போய்விட்டது. "இது என்ன, கிராம் விலையா?" என்று அவர் கேட்டாராம். அடுத்த ப்ரோக்ராமுக்குப் போகும் எண்ணை என் ப்ரோக்ராம் தடுக்க முடியாது. ஆனால் நம் விண்டோ பின்னுக்குப் போய்விட்டது என்பது தெரியும்: 'விண்டோ டீஆக்டிவேட்' என்ற ஈவென்ட் வரும். அதை ஏழு விண்டோவுக்கும் ஒரே ஃபில்டரில் பிடித்து, மேலே "இப்போது எடை இங்கே ஏறாது" என்று சிவப்புப் பட்டை காட்ட வைத்தேன். திரும்ப முன்னுக்கு வந்தால் பட்டை போய்விடும். இருபது வரிதான். இதையே ஏழு கிளாஸில் எழுதியிருந்தால் ஏழிலும் ஏழு விதமாக இருந்திருக்கும், என்னை எனக்குத் தெரியாதா? பின்னால் சீரியல் போர்ட்டில் பேசும் தராசுக்கு மாறினோம். இப்போது எடை நேராக ப்ரோக்ராமுக்கு வருகிறது. ஏழில் எந்த விண்டோவுக்குக் கொடுப்பது என்பதை, எது முன்னுக்கு இருக்கிறது என்று கேட்டு முடிவு செய்கிறேன்.

மூடுவதற்கும் இதையே வைத்துவிடலாமே என்று தோன்றும். தோன்றியது, செய்தேன், கெட்டது. ஃபில்டரில் மூடும் ஈவென்ட்டைப் பிடித்து 'ட்ரூ' திருப்பினேன். நின்றுவிடும் என்று நினைத்தேன். விண்டோ மூடிவிட்டது! ஃபில்டர் தடுத்தது, விண்டோவின் குளோஸ்ஈவென்ட் ஓடாமல் இருப்பதை மட்டும்தான். ஈவென்ட் இன்னும் 'அக்செப்ட்' நிலையில் இருக்க, க்யூட் அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறது. அதாவது பாதுகாப்பு வைக்கப் போய், ஏற்கனவே இருந்த பாதுகாப்பையும் கழற்றிவிட்டிருந்தேன். 'இக்னோர்' செய்துவிட்டுத்தான் 'ட்ரூ' திருப்ப வேண்டும். இன்னும் இரண்டு விஷயம்: ஒரே விண்டோவில் இரண்டு ஃபில்டர் வைத்தால் கடைசியாக வைத்ததுதான் முதலில் ஓடும். பைத்தானில் அந்த ஃபில்டரை எங்காவது ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால் பயன்படாததைப் பைத்தான் தானே அழிக்கும் குப்பை சேகரிப்பில் காணாமல் போய்விடும். முழு அப்ளிகேஷனுக்கும் ஒரே ஃபில்டர் வைக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். மவுஸ் ஒரு புள்ளி நகர்ந்தாலும் அது பைத்தானுக்குள் வந்துவிட்டுப் போகும், பட்டறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் அதிலேயே மூச்சு வாங்கும்.

மூன்றாவது வழி, காது கொடுத்துக் கேட்பது: லிசனர், சிக்னல். ஏதாவது நடந்தால் எனக்குச் சொல் என்று முன்கூட்டியே பதிந்து வைப்பதுதான் இது. இதற்கு ஜாவாதான் நல்ல உதாரணம். ஜாவாவின் முதல் பதிப்பில் கிளாஸிலேயே மாற்றி எழுதும் முறைதான் இருந்தது. 1997-ல் வந்த 1.1-ல் அதை விட்டுவிட்டு லிசனர் முறைக்கு மாறினார்கள். விண்டோவுக்கான லிசனரில் ஏழு மெத்தட்: திறந்தது, மூடப்போகிறது, மூடியது, சுருங்கியது, விரிந்தது, முன்னுக்கு வந்தது, பின்னுக்குப் போனது. ஏழு இருப்பதால் லாம்டாவில் (பெயரில்லாத ஒரு சின்ன ஃபங்ஷனாக) சுருக்கமாக எழுத வழியில்லை, ஏழையும் எழுத வேண்டும், அல்லது ஏழையும் காலியாக எழுதி வைத்திருக்கும் 'விண்டோஅடாப்டர்' வழியாகப் போக வேண்டும். ஜாவாவின் ஸ்விங் தொகுப்பில் விண்டோவான ஜேஃப்ரேம் ஒரு வேடிக்கையும் செய்யும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பெருக்கல் குறிக்கு விண்டோவை மறைக்க மட்டும் செய்யும், ப்ரோக்ராம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஐந்தாறு ஜாவா வரிசையாக நிற்கும்.

க்யூட்டின் சிக்னலை மூடுவதற்குப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: வேண்டாம். சிக்னல் செய்தி சொல்லும், அனுமதி கேட்காது. கேட்பவர் திருப்பிச் சொல்லும் பதிலை யாரும் எடுத்து வைப்பதில்லை. 'அபவுட் டு குவிட்' என்ற சிக்னல் வரும்போது முடிவு எடுத்தாகிவிட்டது. ஆனால் வரவு விண்டோ சேமித்து மூடிய பிறகு ரிப்போர்ட் விண்டோ தன் கூட்டுத்தொகையைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் அதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. விண்டோவுக்கு விண்டோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேட்கும் முறையிலும் அனுமதியைச் சேர்க்கலாம் என்று காட்டியது மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டில் விண்டோ எழுத உதவும் விண்ஃபார்ம்ஸ். அதன் 'ஃபார்ம் குளோசிங்' ஈவென்ட் கொண்டு வரும் பொருளில் 'கேன்சல்' என்று ஒரு புலம் இருக்கிறது, அதை ட்ரூ ஆக்கினால் மூடாது. கூடவே மூடுவதற்கான காரணத்தையும் சொல்லும்: ஆள் மூடினாரா, விண்டோஸ் ஷட்டவுன் ஆகிறதா, டாஸ்க் மேனேஜரா. இந்தக் காரணம் க்யூட்டில் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதில்லை. 'ஸ்பான்டேனியஸ்' என்று கேட்டால் வெளியிலிருந்து வந்ததா, நம் கோடே மூடச் சொன்னதா என்பது மட்டும் தெரியும்.

விண்ஃபார்ம்ஸைப் பற்றி நல்லதாகச் சொல்லிவிட்டதால் அது எனக்குக் கொடுத்த ஒரு பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குப் பழப் பறிப்புக் கூலிக் கணக்கு அதில்தான் எழுதினேன். மூடும்போது விண்டோவின் இடத்தைச் சேமித்து, அடுத்த முறை அங்கேயே திறக்கும். ஒரு நாள் ப்ரோக்ராம் திறக்கவே இல்லை என்றார்கள். போனில் ஒன்றும் பிடிபடவில்லை. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால், ப்ரோக்ராம் திறந்துதான் இருக்கிறது, திரையில் மட்டும் இல்லை. சுருக்கிய விண்டோவை கீழே டாஸ்க்பாரிலிருந்தே மூடியிருக்கிறார்கள். விண்டோஸில் சுருங்கிய விண்டோவின் இடம் −32000, −32000. அதை நான் பொறுப்பாகச் சேமித்து, பொறுப்பாக அங்கேயே திறந்திருக்கிறேன். சுருங்குவதற்கு முன் இருந்த இடத்தை 'ரிஸ்டோர் பவுண்ட்ஸ்' என்ற புலத்தில் எடுத்திருக்க வேண்டும். க்யூட்டின் 'சேவ் ஜியோமெட்ரி', 'ரிஸ்டோர் ஜியோமெட்ரி' இரண்டும் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும், திரைக்கு வெளியே போனாலும் உள்ளே இழுத்து வைக்கும். இடம், அளவு விஷயத்தில் ஈவென்ட்டே எழுத வேண்டாம்.

ஆக என் முடிவு கலவைதான். மூடுவது கிளாஸிலேயே, தாய்க் கிளாஸ் வைத்து. முன்னுக்கு வருவதும் பின்னுக்குப் போவதும் ஃபில்டரில். மூடியாகிவிட்டது என்ற சேதி சிக்னலில். உங்களுக்கு ஒரே விண்டோதான் என்றால் முதல் வழியைத் தவிர வேறெதையும் யோசிக்கவே வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து எழுதும் பெரிய ப்ரோக்ராம் என்றால் ஃபில்டரைக் குறைத்துக்கொள்ளுங்கள். விண்டோவின் கோடைப் படிப்பவருக்கு ஃபில்டர் இருப்பதே தெரியாது, அவர் ஒரு நாள் முழுக்கத் தேடுவார்.

இதையெல்லாம் முடித்து, புதுப் பதிப்பைக் கொண்டுபோய்ப் போட்டு, முதலாளியிடம் பெருமையாகக் காட்டலாம் என்று இருந்த வாரத்தில் கோடை மழை வந்தது. காற்று, இடி, கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். பேட்டரி செத்து ரொம்ப நாளாகியிருந்தது. கரண்ட் போகும்போது டபிள்யூஎம் குளோஸ் வராது. குளோஸ்ஈவென்ட் ஓடாது, ஃபில்டருக்கும் ஒன்றும் தெரியாது, டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸையே கொன்றாலும் இதே கதிதான். நான் மூன்று வழிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன், நாலாவது வழியாக எடைகள் போய்விட்டன.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். 'சேமி' பட்டன் எதற்கு? தராசில் எடை நிலைத்து வரிசையில் ஏறிய அந்த நொடியே எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் எழுதிவிடலாமே. பைத்தானில் ஒரு விஷயம் மட்டும் மறக்கக் கூடாது: வரியைச் சேர்த்தவுடன் 'கமிட்' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுதியது போலத் தெரியும், மூடினால் போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் கமிட் செய்தால் மெதுவாகுமே என்பார்கள். பத்தாயிரம் வரியை ஒரே மூச்சில் ஏற்றுகிறவர்களுக்கு அது சரி. ஒரு கொலுசை எடுத்து, வைத்து, தராசு நிற்கும் வரை பார்த்து, அடுத்ததை எடுக்கும் இடத்தில் அதை யாரும் உணரப்போவதில்லை.

அதைச் செய்ததும் குளோஸ்ஈவென்ட் சுருங்கிப்போனது. பாதி அடித்த வரி ஒன்று இருந்தால் மட்டும் கேள்வி. இல்லாவிட்டால் பேசாமல் மூடும். ஷட்டவுன் தொல்லையும் இதனால் பாதி குறைந்தது. விண்டோஸ் ஷட்டவுன் ஆகும்போது கேள்வி கேட்டுக்கொண்டு நின்றால், இந்த ப்ரோக்ராம் தடுக்கிறது என்று திரை காட்டும், யாரும் கவனிக்காவிட்டால் கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க அணையாமல் இருக்கும். எப்போதும் "நிச்சயமாக மூடவா?" என்று கேட்கும் ப்ரோக்ராமும் கேள்வியே கேட்காததும் ஒன்றுதான், ஒரு வாரத்தில் கை தானாக என்டரைத் தட்டிவிடும்.

முதலாளி வந்து உட்கார்ந்து, இரண்டு கொலுசை எடை போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே பெருக்கல் குறியை அழுத்தினார். மூடிவிட்டது.

"இப்பவும் கேக்கலையே, தம்பி?"

"திறந்து பாருங்கண்ணா."

திறந்தார். இரண்டு எடையும் இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாவது வரியில் பெயரை மட்டும் அடித்துவிட்டு மறுபடி அழுத்தினார். இந்த முறை கேட்டது. "ம்" என்றவர், பையனைக் கூப்பிட்டு இரண்டு தட்டுவடை செட் வாங்கி வரச் சொன்னார்.